மஞ்சள் ஒட்டு

ஒரு நாளைக்கு ஆயிரத்து நானூறு பெண்களுக்கு நான் சரி சொல்கிறேன். ஒருத்திக்கு எட்டு நொடி. அதற்குள் திரையில் ஓடும் நான்கு கோடுகளைப் பார்க்க வேண்டும்: தூக்கம், உடல் சூடு, நாடி, இரத்தத்தில் ஈஸ்ட்ரோஜன். பார்த்துவிட்டு, இயந்திரம் சொல்லும் மருந்தளவுக்குப் பச்சைக் கட்டத்தை அமுத்த வேண்டும். சந்தேகம் இருந்தால் சிவப்பு. சிவப்பை அமுத்தினால் எதற்கு அமுத்தினேன் என்று இரண்டு பக்கம் எழுத வேண்டும். பச்சைக்கு ஒன்றும் எழுத வேண்டாம். இப்படி வைத்தால் மனிதர்கள் எதை அமுத்துவார்கள் என்று கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு தேவையில்லை.

மருந்தளவை இயந்திரமே தீர்மானிக்கலாம், ஆனால் அதன் மேல் ஒரு மனிதக் கண் பட்டே ஆக வேண்டும் என்பது சட்டம். அந்தக் கண் நான். பெயர் கோகிலவாணி, வயது ஐம்பத்திரண்டு, பெருந்துறையில் மூன்றாவது மாடியில் உட்கார்ந்திருக்கிறேன். அதே சட்டத்தில் இன்னொரு வரியும் உண்டு. கோப்பில் இருக்கும் பெண்ணின் பெயர் எனக்குத் தெரியக் கூடாது, எண் மட்டும்தான் தெரியும். ஆனால் சரிபார்த்தது யார் என்று அந்தப் பெண்ணுக்குச் சொல்லியாக வேண்டும். ஆகவே அவர்கள் யாரென்று எனக்குத் தெரியாது, நான் யாரென்று அவர்கள் எல்லோருக்கும் தெரியும். ஒருமுறை பஸ்ஸில் யாரோ ஒருத்தி, "நீங்கதானுங்களா அந்தக் கோகிலவாணி?" என்று கேட்டு என் மடியில் ஒரு சீப்பு வாழைப்பழத்தை வைத்துவிட்டு இறங்கிப் போனாள்.

மருந்துக்கு ஒத்தடம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். தொப்புளுக்குக் கீழே ஒட்டிக்கொள்ளும் வெள்ளை ஒட்டு. தோல் வழியாக ஈஸ்ட்ரோஜனை விடும், எவ்வளவு விடுவதென்று உடம்பை அளந்து அதுவே முடிவு செய்யும். கர்ப்பப்பை இருக்கிறவர்களுக்கு மாதத்தில் பன்னிரண்டு நாள் கூடவே ஒரு மஞ்சள் ஒட்டு உண்டு, அது புரோஜெஸ்டரோன்; ஒட்டியிருக்கிறதா என்று அதுவும் நாடி பார்க்கும். வீட்டுக் கூடத்தில் ஒரு சின்னப் பெட்டி இருக்கும். காலையில் அது வாயைத் திறந்து, தூங்கினீர்களா, மூட்டு வலிக்கிறதா, இரத்தப்போக்கு உண்டா என்று வரிசையாகக் கேட்கும். நாமும் வாயைத் திறந்து பதில் சொல்ல வேண்டும்.

ஐம்பது வயதில் பெண்கள் வியர்த்துக் கொட்டி, தூக்கம் கெட்டு, எரிந்து விழுந்து, 'இவளுக்கு என்னமோ ஆயிருச்சு' என்று பேர் வாங்கிய காலம் ஒன்று இருந்ததாம். ஒத்தடம் வந்த பிறகு அது போய்விட்டது என்கிறார்கள். எனக்கு இன்னும் போகவில்லை. ஒரு மணிக்கு இரண்டு தடவை நெஞ்சிலிருந்து கழுத்துக்குக் குபுகுபுவென்று வேக்காடு ஏறும். ரவிக்கை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். உள்ளங்கை ஈரத்தில் விரல் வழுக்கும். வழுக்கும் விரலோடு ஊரார் நிம்மதியாகத் தூங்குவதற்குச் சரி, சரி, சரி என்று அமுத்திக்கொண்டிருப்பேன். கல்யாண வீட்டில் பரிமாறுகிறவன் பட்டினி கிடப்பது போலத்தான்.

எங்கள் மையத்தின் டாக்டர் ரெஹானா என்னைவிடப் பதினான்கு வயது இளையவள். வருஷம் ஒருமுறை அவளிடம் போய் நிற்பேன்.

"எனக்கும் ஒண்ணு ஒட்டி விடுங்க டாக்டரம்மா. சின்னதா."

"கோகிலாக்கா, உங்களுக்கு மார்புல வந்த கட்டி ஈஸ்ட்ரோஜனைத் தின்னு வளர்ற ஜாதி. ஒன்பது வருஷமா அடங்கிக் கெடக்கு. அதுக்கு நானே விருந்து வைக்கவா?"

"மத்தவங்களுக்கெல்லாம் அது வராதுங்களா?"

"எல்லாருக்கும் ஒரே கணக்கு இல்லக்கா. வயசு, எப்ப நின்னுச்சு, இரத்தக் கட்டி வந்திருக்கா, ஈரல் எப்படி, குடும்பத்துல யாருக்கு என்ன, எல்லாம் பாத்துத்தான் குடுக்கறோம். பாத்துக் குடுத்தா பெரும்பாலானவங்களுக்கு நன்மைதான் அதிகம். பாக்காம குடுத்தாத்தான் ஆபத்து. உங்களுக்கு ஹார்மோன் இல்லாத மாத்திரை எழுதித் தரேன்."

அந்த மாத்திரை பாதி வேக்காட்டைக் குறைக்கும். மீதிப் பாதியோடு நான் வேலைக்கு வருகிறேன்.

போன பங்குனியில் மாரியம்மன் திருவிழாவுக்கு, எங்கள் பேச்சில் நோம்பிக்கு, ஊருக்குப் போனேன். ஊர், கருங்காட்டுவலசு. அங்கே என் அண்ணன் பூபதியும் அவர் மனைவி மோகனப்பிரியாவும் இருக்கிறார்கள். அண்ணன் மனைவியை எங்கள் பக்கம் நங்கை என்று கூப்பிடுவோம். நங்கைக்கு ஐம்பத்து நான்கு வயது, பிள்ளை இல்லை.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், கருங்காட்டுவலசில் பிள்ளை இல்லாத பெண்ணை எதற்கும் முதலில் நிறுத்த மாட்டார்கள். வளைகாப்புக்குக் கூப்பிடுவார்கள், வளையல் போடச் சொல்ல மாட்டார்கள். புது வீட்டுக்குக் கூப்பிடுவார்கள், பால் காய்ச்சச் சொல்ல மாட்டார்கள். முப்பது வருஷம் இப்படிப் பின்வரிசையில் நின்ற நங்கைக்கு, இந்த வருஷம் மாரியம்மன் கோயிலில் முதல் குடம் கொடுத்திருந்தார்கள்.

கோயில் முன் கம்பம் நட்டால் பதினைந்து நாள். மூன்று கிளை பிரிந்த மரத்தை வெட்டி வந்து நடுவார்கள், தினமும் காலையில் பெண்கள் அதற்கு மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். எங்கள் ஊரில் முதல் குடம் ஊற்றுகிறவள் மட்டும் பதினைந்து நாளும் மாறக் கூடாது. இடையில் தூரமாகி மாதவிலக்கு வந்துவிட்டால் ஆகாது என்பதால், தூரம் நின்றுபோனவளாகப் பார்த்துக் கொடுப்பார்கள். பிள்ளை இருக்கிறதா என்று அதற்குக் கேட்பதில்லை. நங்கையின் வாழ்க்கையில் அந்தக் கேள்வி இல்லாமல் கிடைத்த ஒரே மரியாதை அது.

நான் போனபோது கம்பம் நட்டு இரண்டாம் நாள். காலை பதினொரு மணி. நங்கை ஈரத்தலையும் மஞ்சள் பூசிய முகமுமாகக் கூடத்தில் ஓடியாடிக்கொண்டிருந்தாள். பத்து வயது குறைந்துபோயிருந்தாள். அண்ணன் கயிற்றுக் கட்டிலில் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

"என்னுங்க நங்கை, அண்ணன் இன்னும் எந்திரிக்கலீங்களா?"

"உங்கொண்ணனுக்கு மாசத்துல பன்னெண்டு நாளு இப்படித்தான். ஊருக்குள்ள வளர்பிறைத் தூக்கம்னு பேரே வெச்சுட்டாங்க."

சிரித்தோம். சத்தத்தில் அண்ணன் எழுந்து உட்கார்ந்தார். வெயிலுக்குச் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு முதுகைச் சொறிந்தார். இரண்டு தோள்பட்டைக்கும் நடுவே, அவர் கை எட்டாத இடத்தில், மஞ்சளாக ஒன்று ஒட்டியிருந்தது.

"ஏனுங்கண்ணா, முதுகுல என்னுங்க?"

"முதுகு வலிக்கு உங்க நங்கை ஒட்டி உடுவா அம்மணி. ஒட்டுனா நல்லாத் தூக்கம் வருது. வலி இருந்துச்சான்னுதான் எனக்கே ஞாபகமில்ல."

கிட்டே போய்ப் பார்த்தேன். ஒரு நாளைக்கு ஆயிரத்து நானூறு முறை நான் திரையின் மூலையில் படமாகப் பார்க்கும் அதே ஒட்டு. ஓரத்தில் எண் அச்சடித்திருந்தது, கடைசி நான்கு இலக்கம் 7719. எனக்குச் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள், இது இங்கே இருந்தால் நங்கை உடம்பில் என்ன இருக்கிறது என்று தோன்றியது.

சமையலறையில் நங்கை அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"நங்கை, அது உங்க மஞ்சள் ஒட்டுங்க. அதை எதுக்குங்க அண்ணனுக்கு ஒட்டியிருக்கீங்க?"

அவள் கை நின்றது. திரும்பி என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "இப்பத்தான் கேக்கத் தோணுச்சாக்கும் உனக்கு?" என்றாள்.

வெட்கத்தில் பேசுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

"வெள்ளைய ஒட்டுனதுல இருந்து நல்லாத் தூங்கறேன் கோகிலா. முட்டி வலி இல்ல. உங்கொண்ணன்கிட்ட எரிஞ்சு உழுகறதில்ல. ஆனா இந்த மஞ்சளை எடுத்த ரெண்டாம் நாளு தூரம் வந்துருது, மாசாமாசம். நின்னு போச்சுன்னு நிம்மதியா இருந்தவளுக்குத் திருப்பியும் கொண்டாந்து உட்டா என்ன பண்றது? போன வருசம் நோம்பி சித்திரையில வந்துச்சு, நானும் பதினஞ்சு நாளு தண்ணி ஊத்தறதா வேண்டியிருந்தேன். மஞ்சளைப் பிச்சுப் போட்டேன். பொட்டி கத்துச்சு, ஒட்டு எங்கே, ஒட்டு எங்கேன்னு. பசு மேல ஒட்டிப் பாத்தேன். கண்டுபுடிச்சுருச்சு. அப்பறம் இவரு முதுகுல ஒட்டுனேன். சும்மா இருந்துருச்சு."

"அப்போ ஒரு வருசமா மஞ்சள் போடவே இல்லீங்களா?"

"இல்ல."

"நங்கை, வெள்ளை போடறது தோட்டத்துக்குத் தண்ணி கட்டற மாதிரிங்க. கர்ப்பப்பைக்குள்ள இருக்கற தோல் வளந்துட்டே போகும். மஞ்சள்தான் களை வெட்டி உடறது. ஒரு வருசமா வெட்டாம உட்டா உள்ள என்ன வளந்திருக்கும்னு தெரியாதுங்க."

அவள் அரிசியைக் களைந்தாள். தண்ணீர் தெளிந்த பிறகும் களைந்துகொண்டே இருந்தாள்.

"நடுவுல எப்பவாச்சும் ரத்தம் பட்டுச்சுங்களா?"

"தை மாசத்துல இருந்து. சொட்டுச் சொட்டா. நிக்குது, வருது."

"இப்பவுமா?"

"இப்பவும்." தலையைத் தூக்கவில்லை. "தீட்டோடதான் ஊத்தறேன்னு எனக்குத் தெரியும். ஆத்தாளுக்கும் தெரியும். அவ ஒண்ணுஞ் சொல்லல."

"பொட்டி தெனமும் கேக்குமேங்க. அதுகிட்ட ஏன் சொல்லலீங்க?"

"கூடத்துல உக்காந்து கேக்குது கோகிலா. உங்கொண்ணன் காப்பி குடிச்சிட்டு இருப்பாரு, பால்காரன் நிப்பான், பக்கத்து ஊட்டுக்காரி மோருக்கு வந்து நிப்பா. ரத்தப்போக்கு உண்டான்னு அது மைக்கு வெச்ச மாதிரி கேட்டா, நான் ஆமாங்கோன்னு சொல்லுவனா? இல்லைன்னு சொல்லிச் சொல்லி வாய் பழகிருச்சு."

வேக்காடு ஏறியது எனக்கு. சுவரில் சாய்ந்து நின்றேன். நங்கை ஈரக் கையைத் துடைத்துவிட்டு விசிறியை எடுத்து எனக்கு வீசினாள். என் வேக்காடு கண்ணில் படுவது உலகத்தில் அவள் ஒருத்திக்குத்தான்.

"சொல்லியிருந்தா மஞ்சளைத் தெனமும் கொஞ்சங் கொஞ்சமா மாத்தித் தந்திருப்பாங்க நங்கை. கொஞ்ச நாள் போனா மாசாமாசம் வராது. கேட்டிருந்தாப் போதும்."

"யாருகிட்டக் கேக்கறது?"

நெற்றியைத் துடைத்துக்கொண்டேன்.

"இன்னும் பதிமூணு நாளு," என்றாள் வீசிக்கொண்டே. "கம்பத்தைப் புடுங்கி ஆத்துல உட்டதும் நீ கூப்படற எடத்துக்கு வர்றேன். வெட்டணும்னாலும் வெட்டிக்கட்டும். அது வரைக்கும் வாயைத் தொறக்காத. எனக்குன்னு இந்த ஊரு குடுத்தது இந்த ஒரு கொடந்தான்."

சரி என்றேன். சரி சொல்வதுதானே என் தொழில்.

பெருந்துறைக்குத் திரும்பி வந்து மூன்று நாள் சும்மா இருந்தேன். அதற்கு நியாயம் தேடிக்கொண்டேன். ஒரு வருஷம் பொறுத்தது பதிமூன்று நாள் பொறுக்காதா என்று. பொறுத்தாலும் பொறுக்கும்தான். ஆனால் என் மார்புக் கட்டியை நினைத்துக்கொண்டேன். ஒன்பது வருஷத்துக்கு முன் ஸ்கேன் முடிந்து நான் வாசல் வரை போய்விட்டேன். படம் எடுத்த பெண் பின்னாலேயே ஓடி வந்து, "ஒரு ஓரம் சரியா விழலீங்க, மறுபடி வாங்க," என்று கூட்டிப் போனாள். அந்த ஓரத்தில்தான் இருந்தது. அவளுக்கு அன்று என்ன அவசரம் இருந்ததோ, என்ன அலுப்பு இருந்ததோ, இருந்தும் ஓடி வந்தாள். அந்தப் பெண்ணின் பெயரைக்கூட நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.

நான்காம் நாள் ரெஹானாவிடம் சொன்னேன்.

"மாதவிலக்கு நின்னதுக்கு அப்புறம் எதிர்பாராம ஒரு சொட்டு பட்டாலும் பாத்தே ஆகணும்க்கா," என்றாள். "முக்கால்வாசி ஒண்ணுமிருக்காது. ஆனா பாத்தாத்தானே ஒண்ணுமில்லன்னு சொல்ல முடியும்? அவங்களுக்குப் பிள்ளையும் இல்ல. அதுவே ஒரு பங்கு அபாயத்தைக் கூட்டும். மூணு நாள் எப்படிச் சும்மா இருந்தீங்க?"

"அவங்களுக்கு முதல் குடம் டாக்டரம்மா."

அவளுக்குப் புரியவில்லை. புரிய வைக்க எனக்கும் தெம்பில்லை. 7719 என்று முடியும் எண்ணைத் தேடி எடுத்துச் சிவப்பை அமுத்தினேன். இரண்டு பக்கம் எழுதினேன்.

சிவப்பு விழுந்தால் ஒத்தடம் மருந்து விடுவதை நிறுத்திவிடும், மறுநாள் காலை வண்டி வரும். வண்டியின் பக்கவாட்டில் ஒரு கர்ப்பப்பை படம், ஊதா நிறத்தில், இரண்டடி உயரத்துக்கு வரைந்திருக்கும். இதை வரைந்தவன் ஒரு கிராமத்தில் ஒரு நாள் இருந்திருக்க மாட்டான். கம்பம் நட்ட ஏழாம் நாள் நங்கை குடத்தைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்தபோது அந்த வண்டி பின்னாலேயே போய் ஒலி எழுப்பியிருக்கிறது. ஊரே பார்த்திருக்கிறது. முழுப் பூசணிக்காயை எத்தனை நாள்தான் சோற்றில் மறைப்பது? அவள் குடத்தை நடுத்தெருவில் இறக்கி வைத்துவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் வண்டியில் ஏறியிருக்கிறாள். குடத்தை மேலத்தெரு ஷாலினி எடுத்துக்கொண்டு போனாளாம். அண்ணன் போனில் சொன்னார். கடைசியில், "அம்மணி, அந்த ஒட்டு பொம்பளைகளுதாமா?" என்று கேட்டார். ஆமாங்கண்ணா என்றேன். போனை வைத்துவிட்டார்.

ஸ்கேனில் உள்தோல் இருக்க வேண்டியதைப் போல நான்கு மடங்கு தடித்திருந்தது. துணுக்கு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். நான் போய் நின்றபோது நங்கை சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். ஒத்தடம் நின்றதால் அவளுக்கும் வேக்காடு திரும்ப வந்திருந்தது. முதுகு நனைந்திருந்தது. திரும்பி வந்தேன்.

எட்டு நாள் கழித்து முடிவு வந்தது. புற்று இல்லை. ஆனால் புற்றாக மாறக் கிளம்பிவிட்ட அணுக்கள் இருந்தன. கர்ப்பப்பையை எடுத்துவிடுவது நல்லது என்றார்கள். "இன்னும் ஒரு வருஷம் விட்டிருந்தா வேற மாதிரி பேசிட்டிருப்போம்," என்றாள் ரெஹானா. "எடுத்த பிறகு, எல்லாம் சரியா இருந்தா, வெள்ளையை மட்டும் மறுபடி குடுக்கலாமான்னு யோசிக்கலாம். அப்போ மஞ்சளே வேண்டாம்."

அன்றைக்குத்தான் எனக்குக் கோபம் வந்தது. அதுவரை கோபப்படக்கூட நேரமில்லை.

"உங்க மெஷின் என்னத்தைக் கிழிக்குதுங்க? எங்கண்ணன் நாடி வேற, நங்கை நாடி வேற. ரெண்டும் ஒரே கோப்புல பதினோரு மாசம் ஓடியிருக்கு. பசுவைக் கண்டுபிடிச்சுது, மனுசனைக் கண்டுபிடிக்கலையா?"

 ரெஹானா மேஜை மேலிருந்த காகிதங்களை அடுக்கினாள்.

"கண்டுபிடிச்சுதுக்கா."

திரையை என் பக்கம் திருப்பினாள். போன வருஷம் சித்திரை மாதத்தில் ஒரு நாள், முற்பகல் பதினொன்று நாற்பத்திரண்டு. எண்ணின் கடைசி இலக்கங்கள் 7719. இயந்திரம் எழுதியிருந்தது: 'மஞ்சள் ஒட்டின் நாடி வேறொருவருடையதாக இருக்கலாம். மனிதர் பார்க்கவும்.' அதற்குக் கீழே பச்சை. எடுத்துக்கொண்ட நேரம் ஆறு நொடி. சரிபார்த்தவர் கோகிலவாணி.

நான் அதைப் படித்தேன். மறுபடி படித்தேன். அந்த நாளை ஞாபகத்துக்குக் கொண்டுவரப் பார்த்தேன், ஒன்றும் வரவில்லை. என்ன வரும்? அன்றைக்கும் வேர்த்திருக்கும், அன்றைக்கும் விரல் வழுக்கியிருக்கும். நாலு கோடுகளைப் பார்த்திருப்பேன், எழுத்தைப் படித்திருக்க மாட்டேன்.

"அன்னைக்கு ரெண்டு பேர் லீவு," என்றாள் ரெஹானா. "ஆயிரத்து எண்ணூறு பாத்திருக்கீங்க. உங்களை மட்டும் சொல்ல மாட்டேன்."

"அதுக்கப்புறம் அது ஏன் கேக்கவே இல்லை?"

"நீங்க சரின்னு சொன்னதை அது பாடமா எடுத்துக்கிச்சு. ரெண்டு நாடி வந்தாலும் இந்தப் பக்கம் பரவாயில்ல போலன்னு. நேத்து தேடிப் பாத்தேன்க்கா. இதே மாதிரி இந்த ஒரு மாவட்டத்துல நூத்தி அறுபத்து மூணு பேர்."

நூற்று அறுபத்து மூன்று புருஷன்மார் மஞ்சள் ஒட்டோடு சுகமாகத் தூங்கிக்கொண்டிருக்கிறார்கள். இன்னொரு நாளாக இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். மறுநாளிலிருந்து அந்தப் பெண்களை, பெயர் கேட்காமல், ஒவ்வொருத்தியாகப் போனில் கூப்பிட ஆரம்பித்தோம். கூடத்தை விட்டு வெளியே வாங்க, தனியா வந்து பேசுங்க என்றுதான் முதலில் சொன்னேன். தனியாக வந்ததும் முக்கால்வாசிப் பேர் அழுதார்கள். ஒருத்திக்கு ஒரு மணி நேரம் ஆனது. அலுவலகத்தில் வேகம் குறைந்துவிட்டதென்று எச்சரிக்கை வந்தது. வரட்டும் என்று விட்டுவிட்டேன்.

நங்கைக்கு அறுவை முடிந்து நான்காம் நாள் மாலை ஆஸ்பத்திரிக்குப் போனேன். சொல்லிவிட வேண்டும் என்று போனேன். சொல்லாவிட்டால் அண்ணன் என்னைக் குலதெய்வமாக்கிவிடுவார் போலிருந்தது. பார்க்கும்போதெல்லாம், "நீ கண்டுபுடிச்சதால பொழச்சா அம்மணி," என்று கண்கலங்கிக்கொண்டிருந்தார். அவர் டீ வாங்கப் போன நேரத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

நங்கை இந்த முறை சுவர்ப் பக்கம் திரும்பவில்லை. கட்டிலின் தலைமாட்டில் ஒரு சின்ன மின்விசிறி அவள் முகத்துக்கு நேராகச் சுற்றிக்கொண்டிருந்தது.

"கொடம் போச்சு," என்றாள். "ஷாலினி எடுத்தாளாமா. நல்லா ஊத்துனாளாமா."

"என்மேல கோவங்களா நங்கை?"

"கோவமில்ல. ஒண்ணு மட்டும் வெளங்கல." தலையணையில் தலையை நகர்த்தி என்னைப் பார்த்தாள். "போன வருசமே தெரிஞ்சும் உட்டவ, இப்ப என்னத்துக்குப் புடிச்சுக் குடுத்த?"

"என்னுங்க?"

"இவரு முதுகுல ஒட்டுன மொத வாரம். எனக்குத் திக்குத்திக்குன்னுதான் இருந்துச்சு. மத்தியானமாட்டப் பொட்டி பேசுச்சு. உங்கள் ஒட்டில் ஒரு சந்தேகம் இருந்தது, கோகிலவாணி பார்த்துச் சரி என்றார்னு சொல்லுச்சு. எனக்கு உசுரே வந்துது. நம்ம கோகிலாளுக்குத் தெரிஞ்சு போச்சு, இருந்தும் நங்கை நோம்பி எடுக்கட்டும்னு உட்டுட்டாள்னு நெனச்சேன். கெடுதல்னா உடுவாளா, அவ தெனமும் பாக்கறவளாச்சேன்னு நெனச்சேன். அதுக்கப்பறந்தான் தைரியமா ஒட்டுனேன், வருசம் பூரா."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலீங்களே."

"நீயுங் கேக்கல, நானுங் கேக்கல. நீ எனக்கு ஒரு உபகாரம் பண்ணியிருக்கற, அதை வாயால சொல்லிக் காட்டறதான்னு இருந்துட்டேன்."

சமையலறையில் அவள் என்னைப் பார்த்த பார்வைக்கு இப்போதுதான் அர்த்தம் தெரிந்தது. எனக்கு நெஞ்சிலிருந்து கழுத்துக்கு ஏறத் தொடங்கியது. அது வேக்காடுதானா என்றுகூடத் தெரியவில்லை.

"நான் பாக்கலீங்க நங்கை," என்றேன்.

"என்ன பாக்கல?"

"அன்னைக்கு அது நீங்கன்னு எனக்குத் தெரியாது. பேரு வராது, நம்பர்தான் வரும். அந்த நம்பரையும் நான் பாக்கலீங்க. அது எழுதி வெச்சிருந்ததையும் படிக்கல. சரின்னு அமுத்துனேன். அவ்வளவுதானுங்க. ஆறு செகண்டு."

நங்கை விட்டத்தைப் பார்த்தபடி படுத்திருந்தாள். பதினோரு மாதத்தை மனதுக்குள் முதலிலிருந்து ஓட்டிப் பார்க்கிறாள் என்று தெரிந்தது. திட்டினால் நன்றாக இருக்கும் என்று நினைத்தேன். எழுந்து போ என்றால் எழுந்து போயிருப்பேன்.

"அப்போ," என்றாள் கடைசியில், "என்னைய யாருமே பாக்கல."

  என் கழுத்திலும் நெற்றியிலும் வேர்வை வழிந்து கண்ணுக்குள் இறங்கியது. துடைக்கத் தோன்றாமல் உட்கார்ந்திருந்தேன். நங்கை ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மெதுவாகத் தலைமாட்டுப் பக்கம் ஒருக்களித்து, மின்விசிறியை என் பக்கம் திருப்பி வைத்தாள்.